பத்து நிமிடம் கூட்டினேன்

உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் அம்மா முந்திக்கொண்டு, "ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் பாக்கறா" என்று சொல்லிவிடுவாள். அதைத் திருத்துவதை நான் விட்டு மூன்று வருடமாகிறது. திருத்தினால் விளக்க வேண்டும். முழுக்க விளக்கி முடித்த பிறகும் எதிரில் இருப்பவர், "ஓ, அப்ப கம்ப்யூட்டர்தானே" என்பார்.

விளக்கம் இதுதான். எங்கள் மருத்துவமனைக்கு ஹைதராபாத்தில் மூன்று கட்டடங்கள். செகந்தராபாத்தில் இருப்பது பெரியது. குகட்பள்ளியில் ஒன்று. ஜீடிமெட்லா தொழிற்பேட்டையின் ஓரத்தில் சின்னதாக இன்னொன்று. மூன்றிலும் எடுக்கிற எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் அத்தனையும் செகந்தராபாத் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் ஒரே சர்வரில் வந்து சேரும். அங்கிருந்து ரேடியாலஜிஸ்டுகளுக்குப் போகும். அவர்கள் வேறு ஊரில், தங்கள் வீட்டு அறையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார்கள். எந்தப் படம் யாருடையது, எங்கே நிற்கிறது, ஏன் இன்னும் வரவில்லை என்று பார்ப்பது என் பொறுப்பு. நோயாளிகளை நான் பார்ப்பதில்லை. அவர்களுடைய நுரையீரலையும் முழங்காலையும் அவரவர் பெயரோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.

அடித்தளத்தில் சர்வருக்காகப் போட்ட ஏசி, மனிதர்களுக்கு அதிகம். ஏப்ரல் மாதத்திலும் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காலை எட்டரை மணிக்கு உள்ளே நுழையும்போதே மேசைத் தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கும். எடுத்தால் "படம் வரல" என்ற செய்தி நான்கு மொழிகளில் எதிலாவது ஒன்றில் வரும். சொல்பவர் டாக்டராக இருந்தால் கோபமாக, நர்ஸாக இருந்தால் பயமாக, டெக்னீஷியனாக இருந்தால் சாவகாசமாக. மாலை வரை அதே செய்திதான். படம் வந்துவிட்டது என்று சொல்ல ஒருவரும் கூப்பிட்டதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறது என்று சொல்ல யார் போன் செய்கிறார்கள்?

நான் எதையும் எழுதிவைக்கிறவள். முடிக்க வேண்டியவை, யாரையோ எதிர்பார்த்து நிற்பவை, இனி நடக்கவே போவதில்லை என்று தெரிந்தும் அடிக்க மனம் வராதவை என்று மூன்று பட்டியல்கள் எப்போதும் இருக்கும். நான்காவதாக ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். அது இயந்திரங்களின் குணங்கள். குகட்பள்ளி எக்ஸ்ரே ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு புள்ளி வைக்கும். பெரிய எம்.ஆர்.ஐ. பாதிப் படங்களை அனுப்பிவிட்டு, எல்லாம் அனுப்பியாயிற்று என்று சொல்லும். ஜீடிமெட்லா சி.டி. ஸ்கேனின் கடிகாரம் பத்து நிமிடம் பின்னால் ஓடும்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்கேன் இயந்திரம் எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரத்தைப் பதிக்கும். ஜீடிமெட்லா இயந்திரத்தில் அந்த நேரம் தவறு. மூன்று பத்துக்கு எடுத்த படத்தில் மூன்று என்று இருக்கும். சரிசெய்யச் சொல்லி, இயந்திரத்தைப் பராமரிக்கும் கம்பெனிக்கு ஏழு மாதங்களாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு எண் கொடுத்து, புகார் பதிவாகிவிட்டது என்று பதில் அனுப்புவார்கள். நாளடைவில் எனக்குப் பழகிவிட்டது. அந்தக் கிளையிலிருந்து வரும் படத்தின் நேரத்தைப் பார்த்ததும் மனது தானாகப் பத்தைக் கூட்டிவிடும். கண்ணாடியில் பார்த்துத் தலை வகிடு எடுக்கிற மாதிரி, யோசிக்கவே வேண்டாம்.

ஒரு படத்தை யாருடையது என்று நேரத்தை வைத்து ஏன் கண்டுபிடிக்க வேண்டும்? அதற்குக் காரணம் டம்மி நம்பர். ஜீடிமெட்லா கிளைக்கு வருகிறவர்களில் பலர் தொழிற்சாலை விபத்தில் அடிபட்டவர்கள். பதிவு செய்யும் மென்பொருள் செகந்தராபாத்தில் இருக்கிறது. நெட்வொர்க் மெதுவாக இருந்தால் ஒருவரைப் பதிவு செய்யவே கால் மணி நேரம் ஆகும். ரத்தம் சொட்ட நிற்பவரை அதுவரை காக்க வைக்க முடியாது. அதனால் டெக்னீஷியன்கள், எல்லாம் ஒன்பதுகளாக இருக்கும் ஒரு டம்மி எண்ணைத் தட்டி ஸ்கேனை எடுத்துவிடுவார்கள். யார், சுவர்க் கடிகாரப்படி எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். பிறகு நான் நோட்டில் உள்ள நேரத்தையும் படத்தில் உள்ள நேரத்தையும் பொருத்திப் பார்த்து, படத்தை உரியவர் பெயருக்கு மாற்றுவேன்.

எங்கள் ஆவணங்களின்படி, அந்த ஒன்பதுகள் எண்ணுக்குரிய நோயாளி ஆணும் பெண்ணும் ஆனவர். நான்கு வயதும் எழுபது வயதும் ஆனவர். இடது கை மட்டும் மூன்று முறை உடைந்திருக்கிறது.

"இந்த ஆளுக்கு மொதல்ல ஒரு ஆதார் கார்டு வாங்கிக் குடுங்க மேடம். நம்மள விட சீனியர்" என்பார் ஜீடிமெட்லா கிளையின் சி.டி. டெக்னீஷியன்.

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ரயில்வே பட்டறைக் குடும்பம். தாத்தா காலத்தில் மதராஸிலிருந்து வந்தவர்கள். அவர் பேசுகிற தமிழில் பாதிக்குமேல் இந்த ஊர் உருதுவும் தெலுங்கும் கலந்திருக்கும். போலாரத்தில் ராணுவப் பள்ளியில் படித்து வளர்ந்த எனக்கே சில சமயம் அவர் தமிழைவிட அவருடைய ஹிந்தி சுலபமாகப் புரியும். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் லிஸ்ட் மேடம்.

அன்று வியாழக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு அவர் கூப்பிட்டார்.

"மேடம், ரெண்டு டம்மி வருது. மருந்து கம்பெனில சாரம் சரிஞ்சு ரெண்டு பேரு கீழ விழுந்துட்டாங்க. ரெண்டும் தலை."

"பேர் சொல்லுங்க."

"பேரு தெரிஞ்ச சூப்பர்வைசரு போன்லயே இருக்கான். எடுத்துட்டு புக்கு போட்டோ அனுப்பறேன்."

மூன்றரைக்கு நோட்டின் புகைப்படம் வந்தது. இரண்டு வரிகள். மூத்தவர் நாற்பது வயதுக்காரர், ஸ்கேன் எடுத்த நேரம் 3.10. இளையவருக்கு முப்பத்தொன்று, நேரம் 3.20. படங்கள் வரவில்லை. செகந்தராபாத்தில் இருதய நிபுணர் ஒருவர், ஜீடிமெட்லா கிளையின் கம்ப்யூட்டரிலிருந்து பழைய ஆஞ்சியோகிராம் வீடியோக்களை இழுத்துக்கொண்டிருந்தார். மொத்த லைனும் அவருக்கே சரியாகப் போயிற்று. அவரை நிறுத்தச் சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது.

மூன்று நாற்பதுக்கு ஒரு படம் மட்டும் வந்து சேர்ந்தது. உடனே ஜீடிமெட்லா அவசரப் பிரிவின் டூட்டி டாக்டர் கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும் அவருக்கும். தெலுங்கில் வேகமாகப் பேசுவார்.

"ஒண்ணு வந்திருக்காமே, யாரோடது? ரேடியாலஜிஸ்ட் பேர் கேக்கறாரு. பேர் இல்லாம ரிப்போர்ட் போட மாட்டேங்கறாரு."

"ஒரு நிமிஷம்."

படத்தில் 3.10 என்று இருந்தது. பத்தைக் கூட்டினேன். 3.20. ஆக, இளையவருடையது. பின்னால் எடுத்தது முன்னால் வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சின்னக் கோப்பு முந்திக்கொள்ளும். வந்த வரிசையை நம்பாமல் நேரத்தை நம்ப வேண்டும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். படத்தை இளையவர் பெயருக்கு மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நாலேகாலுக்கு அடுத்த படம் வந்தது. மீதி ஒரு பெயர்தான் இருந்தது. அதற்கு மாற்றினேன். அதன் நேரத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் 3.20 என்று இருந்திருக்கும். பத்தைக் கூட்டினால் 3.30. நோட்டில் அப்படி ஒரு நேரமே கிடையாது. அங்கே நின்றிருப்பேன். பார்க்காததற்குக் காரணம் கேட்டால், அன்று அதற்கு முன் மூன்று கட்டடங்களிலுமாக அறுபதோ எழுபதோ படங்களின் பெயர்களைத் திருத்தியிருந்தேன் என்பதைத் தவிர வேறு சொல்லத் தெரியவில்லை. அது காரணமும் ஆகாது.

இரண்டு ரிப்போர்ட்டுகளும் வந்தன. இளையவர் தலைக்குள், மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே மெல்லிய ரத்தக்கசிவு. அவரை ஐசியூவில் சேர்த்தார்கள். மூத்தவருக்கு ஒன்றுமில்லை. நெற்றியில் தையல் போட்டு, மாத்திரை கொடுத்து, ஐந்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு இவை இரண்டும் பட்டியலில் அடித்துவிட்ட இரண்டு வரிகள். ஐந்தரைக்குக் கிளம்பி போலாரம் பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அன்று நடந்த ஒரே நல்ல விஷயம் என்று அதை நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

பஸ் லோத்துகுண்டா வந்தபோது டெக்னீஷியன் கூப்பிட்டார். அவருடைய வழக்கமான குரல் இல்லை.

"மேடம், ஒரு சின்ன டவுட்டு. தப்பா எடுத்துக்காதீங்க. டூட்டி முடிஞ்சு கெளம்பிட்டேன், ஆனா மனசு கேக்கல."

"சொல்லுங்க."

"மொதல்ல எடுத்த ஆளுக்குத்தான் ஏதோ வெள்ளையா தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. ரிப்போர்ட்ல ரெண்டாவது ஆளுக்குன்னு வந்திருக்கு. நம்ம என்ன டாக்டரான்னு விட்டுட்டேன்."

"மொதல் ஆளுன்னா, மூத்தவரா?"

"ஹவ், அவரேதான் மேடம். நாப்பது வயசு. வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே, அவரு."

"நான் டைம் பாத்துதான் போட்டேன். பத்து நிமிஷம் கூட்டி."

அவர் ஸ்கூட்டரை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது.

"மேடம்," என்றார் பிறகு. "காலைல இன்ஜினியர் வந்தான். சர்வீஸுக்கு. மணியக் கரெக்ட் பண்ணிட்டான்."

"எப்போ?"

"பத்து மணிக்கு. உங்க மெயில் பாத்துதான் செஞ்சேன்னான். உங்களுக்கு அவனே சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

அந்த இன்ஜினியர், டெக்னீஷியன் சொல்லியிருப்பார் என்று நினைத்திருப்பார். ஏழு மாதங்களாக நான் கேட்டது அன்று காலை நடந்துவிட்டது. சரியாக ஓடுகிற கடிகாரத்தில் நான் பத்து நிமிடம் கூட்டியிருக்கிறேன்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். சாலை ஓரத்தில் ஒரு பேக்கரி இருந்தது. உள்ளே போய் மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். போன் வழியாக இணைப்புக் கொடுத்து சர்வருக்குள் நுழைய நான்கு நிமிடம் ஆயிற்று. பேக்கரிக்காரர் வந்து, ஏதாவது வாங்காமல் உட்காரக் கூடாது என்றார். ஒரு டீயும் பஃப்பும் சொன்னேன். அவர் ஹிந்தியில் முட்டையா காய்கறியா என்று கேட்டதற்கு நான் தமிழில் பதில் சொன்னேன். முட்டை பஃப் வந்தது.

முதலில் டூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். ரத்தக்கசிவு உள்ள படம் இளையவருடையது இல்லை, வீட்டுக்குப் போன மூத்தவருடையது என்று நினைக்கிறேன் என்றேன்.

"நினைக்கிறீங்களா? தெரியுமா?" என்று கேட்டார். "அம்மா, ஐசியூல ஒருத்தர் படுத்திருக்காரு. கடிகாரத்தை நம்பி அவரை இறக்கவும் முடியாது, போன ஆளைக் கூப்பிட்டு பயமுறுத்தவும் முடியாது. எனக்கு நிச்சயமா ஏதாவது சொல்லுங்க."

அவர் கேட்டது நியாயம். தலைப் படத்தில் முகம் தெரியாது. மண்டைக்குள் இருப்பதைப் பார்த்து, இது நாற்பது வயது, இது முப்பத்தொன்று என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் முன்னோட்டப் படம் ஞாபகம் வந்தது. ஸ்கேன் தொடங்குவதற்கு முன், எங்கிருந்து எதுவரை எடுப்பது என்று குறிக்கப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் தாடையும் தெரியும். வேலை முடிந்ததும் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரத்தக்கசிவு உள்ள தலையின் முன்னோட்டப் படத்தில், கீழ்த்தாடையின் பின்பக்கத்தில் ஒரு பல் பளீரென்று வெள்ளையாக இருந்தது. உலோகம். மற்ற தலையில் அப்படி ஒன்றும் இல்லை.

"டாக்டர், ஐசியூல இருக்கறவரை வாயைத் திறக்கச் சொல்லுங்க. கீழ, பின்னால, உலோகக் கேப் போட்ட பல் இருக்கா பாருங்க."

போனைக் கையில் வைத்துக்கொண்டே அவர் நடந்தார். செருப்புச் சத்தம், கதவு, இயந்திரங்களின் பீப் ஒலி எல்லாம் கேட்டன. பிறகு இளையவரின் குரல், எரிச்சலாக. "தலைலதானே அடி? வாய எதுக்குப் பாக்கறீங்க?"

"ஆ சொல்லுங்க. இன்னும் பெருசா. ஆ."

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் போனில் பேசினார். குரல் தாழ்ந்திருந்தது. "ஒண்ணும் இல்ல. எல்லாம் சொந்தப் பல்லு." பிறகு, "மத்தவர் நம்பர் எங்க?" என்று கேட்டார்.

பதிவுப் படிவத்தில் இருந்தது சூப்பர்வைசரின் எண். இரண்டு பேருக்கும் அதே எண். டாக்டர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போனார். நான் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

"அவன் நல்லாதானே போனான்? நானே ஆட்டோ ஏத்தி விட்டேன்" என்றார் அவர் தெலுங்கில். "மறுபடி எதுக்கு ஸ்கேன்? முதல்ல எடுத்தது என்ன ஆச்சு?"

"முதல்ல எடுத்ததுல தப்பு நடந்துடுச்சு. அவர் தலைக்குள்ள ரத்தம் கசியுது. தூங்கவிடக் கூடாது. எங்க இருக்கார்னு சொல்லுங்க."

அவர் மூத்தவர் மனைவியின் எண்ணைக் கொடுத்தார். ஷாப்பூர் நகரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பச்சை கேட், மாடி அறை என்று அடையாளமும் சொன்னார். மனைவியின் எண்ணுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அடித்தேன். ஐந்து முறை.

டெக்னீஷியன் இன்னொரு லைனில் காத்துக்கொண்டிருந்தார். அடையாளத்தைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் அந்தத் தொட்டி. நான் போறேன். ஸ்கூட்டர்ல பத்து நிமிஷம்."

"ஆம்புலன்ஸ் கிளம்புது. அதுக்கு வழி சொல்லணும்."

"ஆம்புலன்ஸ் அந்த சந்துக்குள்ள வராது மேடம். மெயின் ரோட்ல நிக்கச் சொல்லுங்க. நான் ஆளைக் கூட்டியாறேன்." வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. "நீங்க டென்ஷன் நக்கோ, நான் பாத்துக்கறேன்."

அதன் பிறகு எனக்கு வேலை எதுவும் இல்லை. என் தொழிலில் அதுதான் மிகவும் களைப்பான நேரம். எல்லாம் அனுப்பியாகிவிட்டது, எதுவும் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டு படங்களையும் சரியான பெயர்களுக்கு மாற்றினேன். மாற்றியதை மூன்று முறை சரிபார்த்தேன். ரேடியாலஜிஸ்டைக் கூப்பிட்டு ரிப்போர்ட்டுகளைத் திருத்தச் சொன்னேன். அம்மா கூப்பிட்டு, "எங்கடி இருக்க, பஸ்ஸு இல்லையா?" என்றாள். வேலை வந்துவிட்டது என்றேன். "பஸ்ஸுலயா?" என்றாள்.

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டெக்னீஷியனிடமிருந்து போன்.

"ஆளு கெடச்சாரு மேடம். தூங்கிட்டிருந்தாரு. எழுப்புனா எழுந்திருக்கல மொதல்ல. ரெண்டு தடவ தண்ணி தெளிச்சோம். இப்ப கண்ணு தெறந்து என்னப் பாத்து, 'நீதானே மெஷின்ல போட்டவன்'னு கேட்டாரு."

"நடக்கறாரா?"

"தள்ளாடறாரு. நானும் அந்தம்மாவும் ரெண்டு பக்கம் புடிச்சிருக்கோம். ஆம்புலன்ஸு தெரியுது. வெச்சிர்றேன்."

அவரை மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இம்முறை அவருடைய சொந்த எண்ணில், பெயரோடு. அந்தப் படம் சர்வருக்கு வந்து சேர்ந்ததைப் பேக்கரி மேசையில் இருந்தபடி பார்த்தேன். லைன் காலியாக இருந்தது. இரண்டே நிமிடம். நான் படம் படிக்கத் தெரிந்தவள் இல்லை. ஆனால் பிற்பகல் படத்தில் கோடு போல இருந்த வெள்ளை, இதில் கொஞ்சம் தடித்திருந்தது எனக்கே தெரிந்தது. அவரைச் செகந்தராபாத்துக்குக் கொண்டுவந்து நரம்பியல் ஐசியூவில் வைத்தார்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார்கள். காலை ஒரு படம், மாலை ஒரு படம் என்று எடுத்தார்கள். கசிவு மேலும் வளரவில்லை. மூன்றாம் நாள், தானாகவே வற்றிவிடும் என்று சொல்லி வார்டுக்கு மாற்றினார்கள்.

நடுவில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. தவறு எப்படி நேர்ந்தது என்பதற்கு ஒரு கட்டம். நேரத்தைத் தவறாகக் கூட்டி, இரண்டாவது படத்தின் நேரத்தைச் சரிபார்க்காமல் நான் பெயர் மாற்றினேன் என்று எழுதினேன். என் மேலாளர் அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். நல்ல மனிதர். எதையும் மழுப்பிச் சமாளித்து வந்த இருபது வருட அனுபவம் அவருக்கு.

"எல்லாத்தையும் எதுக்கும்மா உன் தலைல போட்டுக்கற? கம்யூனிகேஷன் கேப்னு ஒரு வரி எழுது. உலகத்துல எல்லாமே அதானே."

"இன்ஜினியர் சொல்லாதது கேப் சார். ரெண்டாவது படத்தை நான் பாக்காதது கேப் இல்ல."

"பிடிவாதம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். படிவம் எங்கோ போயிற்று. டம்மி எண் இன்னும் இருக்கிறது. இப்போது ஒன்றுக்குப் பதிலாகப் பத்து டம்மி எண்கள், வரிசையாக, ஒருவருக்கு ஒன்று. ஜீடிமெட்லாவிலிருந்து தலைப் படம் வந்தால் தாடையையும் பார்த்துவிட்டுத்தான் பெயர் போடுகிறேன். அது எங்கும் எழுதியிருக்கும் விதி இல்லை.

நான்காம் நாள் வார்டுக்குப் போனேன். அடித்தளத்திலிருந்து ஐந்தாவது மாடி. அங்கே வேலை பார்த்த இத்தனை வருடங்களில் அந்த மாடிக்கு நான் போனதே இல்லை. என்ன சொல்வது என்று லிஃப்டில் மூன்று விஷயங்களை வரிசைப்படுத்திக்கொண்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் மூன்றும் மறந்துபோயின. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பஞ்சும் பிளாஸ்திரியுமாக நெற்றி. மனைவி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என் வயதைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும்.

"டாக்டரா?" என்று தெலுங்கில் கேட்டாள், எழுந்துகொண்டே.

"இல்ல. இங்க படங்களைப் பாத்துக்கற வேலை. அன்னிக்கு சாயங்காலம் உங்களுக்கு போன் செஞ்சது நான்தான்."

அவள் முகம் மாறியது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் பேச ஆரம்பித்தாள்.

"அஞ்சு தடவ அடிச்சிருந்தீங்க. அப்புறம்தான் பாத்தேன். அவருக்குத் தலை வலிக்குது, தூங்கட்டும்னு நான்தான் போனை சைலன்ட்ல போட்டேன். அவர் தூங்கறதைப் பாத்து நல்லதுன்னு நெனச்சுட்டேன். நான் எடுத்திருந்தா சீக்கிரம் வந்திருப்போம். இவ்வளவு ஆகியிருக்காது. என் மாமியார் மூணு நாளா போன்ல அதையே சொல்றாங்க. போனை அடைச்சுப் போட்டவதானேன்னு."

"ஆஸ்பத்திரியில உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ரிப்போர்ட் வர லேட்டாயிடுச்சு, வந்ததும் கூப்பிட்டோம், நீங்க எடுக்கலன்னாங்க."

யார் அப்படிச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கூப்பிட்டதும் அவள் எடுக்காததும் உண்மைதான்.

"லேட்டாகல," என்றேன். "ரிப்போர்ட் நாலரைக்கே வந்துடுச்சு. நான்தான் உங்க வீட்டுக்காரர் படத்தை இன்னொருத்தர் பேர்ல போட்டுட்டேன். அவர் படத்தை இவர் பேர்ல. அதனாலதான் வீட்டுக்கு அனுப்பினாங்க. சரியா போட்டிருந்தா இவர் ஆஸ்பத்திரியை விட்டே போயிருக்க மாட்டார். நான் போன் பண்ணும்போதே ரெண்டு மணி நேரம் போயிடுச்சு. நீங்க எடுக்காததால அப்புறம் ஒரு கால் மணி நேரம் போயிருக்கும்."

கையை எடுத்துக்கொண்டாள். கணவனைப் பார்த்தாள். பிறகு என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் நான் தயாராகத்தான் இருந்தேன், எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

"அப்ப போனால இல்லையா?" என்றாள்.

"போனால இல்ல."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்தாள். தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து, எண்ணை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் என்னிடம் நீட்டினாள்.

"இதையே என் மாமியார்கிட்ட சொல்லுங்க. முதல்லருந்து. சத்தமா சொல்லுங்க, அவங்களுக்குக் காது கேக்காது."

ஸ்ரீகாகுளம் பக்கத்து ஊர் ஒன்றில் யாரோ ஒரு வயதான பெண்மணி அந்தப் பக்கம் போனை எடுத்து, யார் என்று அதட்டினார். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, பள்ளிக்கூடத்தில் படித்த தெலுங்கில், நான் யார், என்ன வேலை செய்கிறேன், என்ன செய்தேன் என்று உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன்.